டிஷ் மோட்டார் நகரவில்லையா? பவர் சப்ளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் டிஷ் (சேட்டிலைட்டுக்கு ஏற்ப மோட்டாரால் திரும்பும் டிஷ்) அசையவே இல்லை என்று ஒரு தம்பி போன வாரம் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மல்டிமீட்டரில் 36 வோல்ட் பளிச்சென்று தெரிகிறது. "அண்ணா, பவர் வருது, அப்போ மோட்டார்தான் போச்சு, புதுசு வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். கொஞ்சம் பொறு தம்பி, எதையும் கழற்றாதே என்று உடனே பதில் போட்டேன். இதே 36 வோல்ட்டை நம்பி நானும் ஒரு நல்ல மோட்டாரைக் கழற்றியவன். பிளக் பார், சுவிட்ச் பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

லோடு இல்லாமல் வோல்ட் பார்ப்பது

மல்டிமீட்டர் வோல்ட் பார்க்கும்போது இழுக்கும் கரன்ட் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் சரி, ஜாயின்ட் முழுக்கக் களிம்பு ஏறியிருந்தாலும் சரி, மீட்டர் முழு 36-ஐக் காட்டும். ஆனால் பெரிய டிஷ்ஷைத் தள்ளும் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) 3, 4 ஆம்பியர் கேட்கும். ஜாயின்ட்டில் 5 ஓம் தடை இருந்து 3 ஆம்பியர் ஓடினால் 15 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விடும், மிச்சத்தை வைத்துக்கொண்டு மோட்டார் முனகத்தான் செய்யும்.

என் கதை இதுதான். மீட்டரில் 36 பார்த்தேன், மோட்டார் அவுட் என்று முடிவு கட்டினேன். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி ஆக்சுவேட்டரைக் கழற்றியதில் டிஷ்ஷின் அலைன்மென்ட்டும் போனது. புதியதை மாட்டினால் அதுவும் அதே மாதிரி முனகி நின்றது. அப்புறம்தான் கேபிளை ஒரு முனையிலிருந்து கையால் தடவிக்கொண்டே போனேன். கம்பத்தின் அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். பிரித்தால் உள்ளே தண்ணீர் கோத்து, செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தது, விரலால் தொட்டதும் இழைகள் உதிர்ந்தன. வெட்டிச் சுரண்டி, சால்டர் வைத்து மூடினேன். பழைய ஆக்சுவேட்டரை இணைத்துப் பார்த்தால் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது! புது ஆக்சுவேட்டருக்குக் கொடுத்த காசும், சேட்டிலைட்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்த இரண்டு நாளும் வீண். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சரியான வழி இதுதான். ஒருவரை ரிமோட் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, மோட்டார் இழுக்க முயலும் அந்த நேரத்தில் மோட்டாரின் டெர்மினலில் வோல்ட் பாருங்கள். அப்புறம் அதே மாதிரி பொசிஷனர், அதாவது மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி, அதன் பக்கத்தில். பொசிஷனரில் 34, மோட்டாரில் 19 என்றால் வித்தியாசமான 15 வோல்ட்டை வழியில் ஏதோ தின்கிறது. சந்தேகமான ஜாயின்ட்டின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்துப் பாருங்கள், நல்ல ஜாயின்ட் என்றால் மோட்டார் ஓடும்போதும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் வரும். பொசிஷனர் முனையிலேயே வோல்ட் படுத்துவிட்டால் கோளாறு பெட்டிக்குள் இருக்கலாம், அல்லது மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுக்கலாம். இரண்டில் எது என்று பார்க்க மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு மூன்றைத் தொடராக மாட்டுங்கள், 36 வோல்ட்டில் அவை ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்புக்கும் வோல்ட் படுத்தால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள்.

மீட்டரின் முனையை ஆம்பியர் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு வோல்ட் பார்ப்பது

ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மெல்லிய வயர்

0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 30 மீட்டர் போனால், போக வர 60 மீட்டர், சுமார் 1.4 ஓம். 4 ஆம்பியருக்கு ஐந்தரை வோல்ட் போய்விடும். தூரம் அதிகம் என்றால் தடிமனான வயர் போடுங்கள்.

கோஆக்சியல் கேபிள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

டைசெக் மோட்டாருக்கு (ரிசீவரே கோஆக்சியல் கேபிள் வழியாக ஓட்டும் சிறிய மோட்டார்) தனி வயர் கிடையாது. ரிசீவர் தரும் 13 அல்லது 18 வோல்ட்தான் எல்என்பிக்கும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவி) மோட்டாருக்கும் சேர்த்து, அதுவும் பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுக்குள். மலிவான கேபிளின் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகாக இருக்கும், சிக்னலுக்கு அது போதும், ஆனால் டிசி கரன்ட்டுக்கு முழுச் செம்பைவிட நான்கைந்து மடங்கு தடை. ஒரு காந்தத்தை நடுக்கம்பியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு. 18 வோல்ட்டில் வேகமாகவும் 13-இல் மெதுவாகவும் திரும்புவது இயல்பு. 13-இல் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் முதலில் கேபிளையும் அதன் முனைகளில் இருக்கும் எஃப் கனெக்டர்களையும் சந்தேகப்படுங்கள்.

ஃபியூஸைப் பெரிதாக்குவது

கூடாது.

ரிசீவர் ஓடும்போதே கனெக்டரைக் கழற்றுவது

கேபிளின் வெளிச்சுற்றுப் பின்னல் கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட். பிளக்கையே பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள், ஸ்டாண்ட்பை போதாது.

சென்சார் கோளாறைப் பவர் கோளாறு என்று எடுத்துக்கொள்வது

ஆக்சுவேட்டர் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும், வோல்ட் பார்த்தால் பூஜ்ஜியம். மோட்டார் நகர்வதை எண்ணிச் சொல்லும் சென்சாரிலிருந்து பல்ஸ் வராததால் பொசிஷனரே கரன்ட்டை நிறுத்தியிருக்கும். மோட்டார் வயரை விட்டு சென்சார் வயரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போகிறது, மறுபக்கம் வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரைத் திறக்க வேண்டாம், கோளாறு லிமிட் சுவிட்ச்சிலோ (எல்லை வந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) அதன் டையோடிலோ இருக்கும், இல்லையென்றால் பொசிஷனரின் ரிலேயில்.

அந்தத் தம்பி மறுநாள் எழுதினார்: பட்டனை அழுத்தினால் பொசிஷனர் பக்கம் 35, மோட்டார் பக்கம் 17. கம்பத்தடியில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.