104 காட்டிக்கொடுத்த பிழை

மேலூர் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்காக, ஏஆர்எம் செயலி கொண்ட சிறு கணினிப் பலகை ஒன்றில் லினக்ஸ் ஏற்றியிருந்தேன். சென்சார் அனுப்பிய தரவு ஓர் எழுத்துகூட வந்து சேரவில்லை. சென்சாரை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிழையின்றி ஏறியது. ஆனால் சாதனம் செயலியை அழைக்கும் சிக்னலான இன்டரப்ட் எத்தனை முறை வந்தது என்று லினக்ஸ் காட்டும் ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பில், சென்சாருக்கான வரியில் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

கேபிளை மாற்றினேன். கிளாக் அமைப்பையும் சிப்பின் இணைப்புக் கால்களான பின்களின் அமைப்பையும் சரிபார்த்தேன். ஆஸிலாஸ்கோப்பில் சிக்னல் அந்தப் பின் வரைக்கும் தெளிவாகவே வந்தது. மூன்று நாள் போயிற்று.

அந்தக் கோப்பின் அதே வரியில் 104 என்ற எண் இருந்ததை நான்காம் நாள்தான் கவனித்தேன். சென்சாரின் இன்டரப்ட்டுக்குச் சிப் கையேடு சொன்ன எண்ணோ 72. வித்தியாசம் 32!

இன்டரப்ட்டுகளைச் செயலிக்குப் பிரித்து அனுப்பும் ஜிஐசி கன்ட்ரோலரில் 0 முதல் 31 வரையிலான எண்கள் மென்பொருள் இன்டரப்ட்டுக்கும் செயலியின் அந்தந்த கோருக்கும் உரியவை. பொதுச் சாதனங்களுக்கு 32-இல் தொடங்கும். பலகையில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயோ அந்த 32-ஐயே பூஜ்யமாகக் கொள்கிறது. நான் அதில் 72 என்றே எழுதியிருந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 32-ஐக் கூட்டிக்கொண்டது. 104-உம் செல்லுபடியாகும் எண் என்பதால் அது எச்சரிக்கவும் இல்லை.

டிவைஸ் ட்ரீயின் இன்டரப்ட்ஸ் வரியில் 72-ஐ 40 ஆக்கி, அதன் கம்பைல் செய்த வடிவமான டிடிபி கோப்பை மீண்டும் உருவாக்கி ஏற்றினேன். எண்ணிக்கை ஓடத் தொடங்கியதும்தான் மூச்சு வந்தது.

சில கையேடுகள் 32-ஐக் கழித்தே அச்சிடுகின்றன. அங்கே மறுபடி கழித்துவிடாதீர்கள்.