மடிக்கணினியில் சிவிலைசேஷன் 6: திணறல் நீங்கிய விதம்

2016-இல் வெளியான, பேரரசு கட்டும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 என் மடிக்கணினியில் சிறிது நேரம் சீராக ஓடிவிட்டு, பிறகு வரைபடத்தை நகர்த்தினாலே திணறும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடியபோது, சூடு ஏற ஏற ப்ராசஸரின் வேகம் தானாக இறங்குவதும், தனி கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்க, ப்ராசஸருக்குள் இருக்கும் சிப்பே முழுச் சுமையையும் தாங்குவதும் தெரிந்தன.

விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேயின் கீழுள்ள கிராபிக்ஸ் பக்கத்தில் விளையாட்டைச் சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் காட்சி சீரானது. சூட்டைத் தணிக்க, பவர் பிளானில் ப்ராசஸரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினேன்; அந்த ஒரு சதவீதம் டர்போ வேகத்தையே (ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஏறுவதை) நிறுத்திவிடுவதால், விசிறியின் இரைச்சல்கூட அடங்கியது. காற்றுத் துளைகளில் பஞ்சாக அடைந்திருந்த தூசியையும் பிரஷ்ஷால் நீக்கினேன். நிழல்களையும் நீர்ப் பிரதிபலிப்பையும் குறைத்தேன். டெக்ஸ்சரில் (பரப்புகளின் நுண்விவரப் படங்களில்) கை வைக்கவில்லை, ஏனெனில் மங்கலான நிலப்பரப்பைப் பார்த்துக்கொண்டு பேரரசு கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆட்டத்தின் பிற்பகுதியில் கணினி ஆளும் நாடுகள் தம் முறையை முடிக்க எடுக்கும் நேரம் மட்டும் குறையவில்லை. அது ப்ராசஸரின் கணக்கு வேலை என்பதால், டர்போ நின்றபின் சற்றுக் கூடவே செய்தது. ஆகையால் இப்போது சிறிய வரைபடத்தில், குறைந்த நாடுகளோடு ஆடுகிறேன்.