மோதிரம் ஒளிந்திருக்கும் ரொட்டி: அயர்லாந்தின் ஹாலோவீன் பார்ம்பிராக் செய்முறை

ஹாலோவீன் என்றதும் பூசணிக்காயில் செதுக்கிய முகமும் எலும்புக்கூடு வேடமும் பை நிறைய மிட்டாயும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். ஆனால் அந்தப் பண்டிகைக்கு வேர் இருக்கும் அயர்லாந்தில் அன்றைக்கு மேசைக்கு வரும் பண்டம் வேறு. டீயில் ஊறிய திராட்சை நிறைந்து, கரும்பழுப்பு நிறத்தில், வயிற்றுக்குள் ஒரு மோதிரத்தை வைத்துக்கொண்டிருக்கும் ரொட்டி. அதன் பெயர் பார்ம்பிராக். சுருக்கமாக பிராக் என்பார்கள்.

அயர்லாந்தின் கார்க் நகருக்குக் குடிவந்த முதல் அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். மேலே கெட்டியாக வெண்ணெய். கடித்ததும் நம் வீட்டு டீயின் துவர்ப்பு நாக்கில் தட்டியது. அன்றைக்கே செய்முறை கேட்டேன். வெண்ணெயும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், மாவு பிசையவும் வேண்டாம் என்றார். இதுவரை ஒரு கேக்கூடச் சுட்டதில்லை என்பவர்கள் முதன்முதலாகத் தொடங்க இதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரிஷ் மொழியில் 'பாரீன்' என்றால் சிறு ரொட்டி, 'பிரக்' என்றால் புள்ளி புள்ளியாக இருப்பது. வெட்டிப் பார்த்தால் ஏன் இந்தப் பெயர் என்று உடனே புரியும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட ட்ரவுட் மீனுக்கும் அந்த மொழியில் 'பிரக்' என்றுதான் பெயர்.

ஏன் இந்த நாளில் இந்த ரொட்டி?

அயர்லாந்தில் பழங்காலத்தில் வாழ்ந்த கெல்ட் மக்களின் நாட்காட்டியில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லைக்கோடு 'சவின்' என்ற திருநாள். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததும் அது தொடங்கிவிடும். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றைக்கும் அதே பெயர்தான். இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவில் இருக்கும் திரை அந்த இரவில் மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. திரை மெலிந்தால் வருங்காலமும் கொஞ்சம் தெரியுமல்லவா? அதனால் குறி பார்க்கும் விளையாட்டுகள் எல்லாம் அந்த இரவில்தான் நடக்கும். பிராக்குக்குள் பொருள்களை ஒளித்து வைப்பதும் அப்படி ஒரு விளையாட்டுதான்.

பிற்பாடு கிறிஸ்தவ நாட்காட்டியில் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள் ஆனது. அதற்கு முந்தைய நாள் அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தி நாளாக இருந்தது. இறைச்சி கூடாது. ஆகவே அன்றைய ஐரிஷ் சாப்பாடு உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஆப்பிள், ரொட்டி என்றே அமைந்துவிட்டது. மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸோ கேல் கீரையோ கலந்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் உருக்கிச் சாப்பிடும் 'கோல்கானன்' அதில் ஒன்று. அதற்குள்ளும் காசு ஒளித்து வைப்பதுண்டு.

பூசணிக்காய் பின்னால் வந்தது. அயர்லாந்தில் முகம் செதுக்கியதெல்லாம் டர்னிப் கிழங்கில். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே மலிவாகவும் குடைவதற்கு எளிதாகவும் கிடைத்தது பூசணி.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

தேவையானவை

ஒரு பிரெட் டின் அளவுக்கு, அதாவது சுமார் 23 செ.மீ. நீளமும் 13 செ.மீ. அகலமும் உள்ள டின்னுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். 10 முதல் 12 துண்டுகள் வரும்.

கறுப்பு உலர் திராட்சை 150 கிராம், கிஸ்மிஸ் 175 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 50 கிராம்
பால் சேர்க்காத கடும் டீ 300 மில்லி
நாட்டுச்சர்க்கரை அல்லது பிரவுன் சுகர் 125 கிராம்
மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்
முட்டை 1
பட்டைத்தூள் அரை டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புத்தூள், சுக்குத்தூள், மல்லித்தூள் ஒவ்வொரு சிட்டிகை

இனிப்புப் பண்டத்தில் மல்லித்தூளா என்று யோசிக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக் கடைகளில் 'மிக்ஸ்டு ஸ்பைஸ்' என்று விற்கும் கலவையிலும் மல்லி உண்டு. ஒரு சிட்டிகை போதும், ஆரஞ்சுத் தோலின் வாசனையை அது தூக்கிக் கொடுக்கும். ஆரஞ்சுத் தோல் கிடைக்கவில்லை என்றால் அந்த 50 கிராமுக்கும் திராட்சையே போடுங்கள், கூடவே ஒரு ஆரஞ்சின் மேல்தோலைத் துருவிச் சேர்த்துவிடுங்கள். டூட்டி ஃப்ரூட்டி மட்டும் வேண்டாம். அதன் தட்டையான இனிப்பு டீயின் ருசியை அமுக்கிவிடுகிறது.

முட்டை சேர்க்காதவர்கள் 60 மில்லி கெட்டித் தயிரை அடித்து ஊற்றலாம். ரொட்டி சற்றுக் கெட்டியாக வரும், ருசியில் குறை இருக்காது.

முதல் நாள் இரவு: ஊறவைத்தல்

இந்த ரொட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது.

350 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 3 டீஸ்பூன் டீத்தூள் போட்டு, அடுப்பை அணைத்து மூடி 5 நிமிடம் வையுங்கள். ஐரிஷ்காரர்கள் கடும் டீ பிரியர்கள். 'ஐரிஷ் பிரேக்ஃபாஸ்ட்' என்று விற்கும் தூளில் பெரும்பங்கு அஸ்ஸாம் தேயிலைதான். ஆகவே நம் வீட்டு டஸ்ட் டீ இதற்கு அருமையாகப் பொருந்தும். பச்சைத் தேயிலையும் மசாலா கலந்த தூளும் வேண்டாம்.

டீயை வடிகட்டி 300 மில்லி அளந்துகொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் திராட்சை, ஆரஞ்சுத் தோல், நாட்டுச்சர்க்கரை மூன்றையும் போட்டு, டீ சூடாக இருக்கும்போதே ஊற்றிக் கலக்குங்கள். சர்க்கரை கரைந்துவிடும். ஆறியதும் மூடி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் செய்கிறீர்கள் என்றால் 50 மில்லி டீயைக் குறைத்து அந்த அளவுக்கு ஐரிஷ் விஸ்கி ஊற்றுவதும் வழக்கம்தான்.

காலையில் மூடியைத் திறந்து பாருங்கள். சுருங்கிக் கிடந்த திராட்சை உப்பி, தோல் இழுபட்டு மினுமினுக்கும். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து டீ நிறத்தில் சாறு வரும். அடியில் தேன்போலக் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், மாவு நனைவதற்கு அதுதான் வேண்டும்.

முதல் தடவை செய்தபோது நான் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்று நினைத்தேன். ஊறாத திராட்சை மாவில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. உள்ளே வறவற என்று இருந்தது. மேலே துருத்திக்கொண்டிருந்த பழங்கள் கருகிக் கசந்தன. பாட்டியிடம் காட்டினேன். ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பழம் டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நீ அதைத் தொடக்கூடாது" என்றார். குறைந்தது 8 மணி நேரம். 12 ஆனாலும் கெடுதல் இல்லை.

மறுநாள்: கலக்குதல்

ஓவனை 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடு செய்யுங்கள். டின்னுக்குள் வெண்ணெய் தடவி, பட்டர் பேப்பரை இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு அதைப் பிடித்தே ரொட்டியைத் தூக்கிவிடலாம்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாத் தூள்கள் எல்லாவற்றையும் சேர்த்து இருமுறை சலியுங்கள். முட்டையை அடித்து ஊறிய பழக் கலவையில் ஊற்றிக் கலக்குங்கள். அப்புறம் மாவை மூன்று தவணையாகக் கொட்டி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வறண்ட மாவு கண்ணில் படாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும். இந்தக் கலவையில் கொழுப்பு கிடையாது என்பதால் அதிகமாகக் கலக்கினால் ரொட்டி ரப்பர்போல இழுக்கும். கரண்டியைத் தூக்கினால் இட்லி மாவைவிடக் கெட்டியாக, தொப் தொப்பென்று விழுவதுதான் சரியான பதம். விழவே மறுத்தால் ஒன்றிரண்டு ஸ்பூன் பாலோ டீயோ விடுங்கள்.

டின்னில் ஊற்றி மேல்புறத்தை ஈரக் கரண்டியால் சமப்படுத்துங்கள். வெளியே தெரியும் திராட்சைகளை மாவுக்குள் அழுத்திவிட்டால் கருகாது.

சுடுதல்

நடுத்தட்டில் வைத்து 1 மணி நேரம். 40 நிமிடம் ஆனதும் ஒருமுறை பாருங்கள், மேல்புறம் அதற்குள் நன்றாகக் கறுத்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். நடுவில் குச்சி விட்டு எடுத்தால் ஈர மாவு ஒட்டக்கூடாது. பழத்தின் பிசுக்கு ஒட்டினால் பரவாயில்லை, வேறொரு இடத்தில் குத்திப் பாருங்கள். சில ஓவன்களில் இன்னும் 10, 15 நிமிடம் பிடிக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் கேக் செய்வதுபோலவே செய்யலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, தாங்கி வைத்து, 10 நிமிடம் சூடேற்றியபின் வட்ட டின்னை உள்ளே இறக்கிச் சிறு தீயில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குச்சி விட்டுப் பார்த்து, வேகாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். வட்டமாகச் சுடுவதும் அயர்லாந்தில் உண்டு.

வெளியே எடுத்த சூட்டிலேயே ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்து மேலே தடவுங்கள். பளபளவென்று ஒரு மெருகு வரும்.

மோதிரம்

பழைய வழக்கப்படி உள்ளே வைக்கும் பொருள்கள் பல. மோதிரம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் கல்யாணம். காசு கிடைத்தால் செல்வம். கந்தல் துணி வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் அந்த வருடம் கல்யாணம் இல்லை. சிறு குச்சி வந்தால் தாம்பத்தியம் சுகப்படாது. கெட்ட பலன் சொல்லும் பொருள்களைக் கொண்டாட்ட நாளில் ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை, ஆகவே மோதிரம் மட்டும் வைக்கிறேன். கடைகளில் விற்கும் பிராக்கிலும் இப்போது பெரும்பாலும் மோதிரம்தான், காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள்.

மோதிரத்தை மாவில் போட்டுச் சுடும் பழக்கம் இருந்தாலும் நான் அப்படிச் செய்வதில்லை. ரொட்டி முழுக்க ஆறியபின் தலைகீழாகத் திருப்பி, அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பட்டர் பேப்பரில் நன்றாகச் சுற்றிய மோதிரத்தை உள்ளே தள்ளிவிடுவேன். உலோகம் ரொட்டியைத் தொடாது. காகிதப் பொட்டலம் பெரிதாக இருப்பதால் கத்தியிலோ கையிலோ தட்டுப்படும், யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். சாப்பிட உட்காரும் எல்லோருக்கும் உள்ளே மோதிரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் துண்டை நீங்களே பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

சுட்ட அன்றே வெட்டாதீர்கள். பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் ஒரு நாள் வைத்தால் பழத்தின் ஈரம் ரொட்டி முழுக்கப் பரவி, துண்டு உதிராமல் வரும். 31ஆம் தேதி மேசைக்கு வர வேண்டுமென்றால் 29 இரவே பழம் ஊறத் தொடங்கிவிட வேண்டும்.

கூடக் குடிக்க: லாம்ப்ஸ்வூல்

ஆட்டுக்குட்டியின் ரோமம் என்று பொருள். அயர்லாந்தில் ஹாலோவீன் இரவிலும், இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்திலும் குடித்த பழைய பானம். அந்தக் காலத்தில் சூடான ஏல் பீரில் செய்வார்கள். நான் ஆப்பிள் சாற்றில் செய்கிறேன்.

4 ஆப்பிள்களின் நடுத்தண்டை எடுத்துவிட்டு, 180 டிகிரியில் தோல் வெடித்துக் குழையும்வரை, முக்கால் மணி நேரம்போலச் சுடுங்கள். சதையை வழித்து மசியுங்கள். ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் 2 ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, சுக்குத்தூள், ஜாதிக்காய் போட்டுச் சூடாக்கி, மசித்த சதையைச் சேர்த்து மத்தால் நுரைக்க அடியுங்கள். வெள்ளைப் பஞ்சுபோல மேலே மிதந்து வருவதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஆறவிடாமல் குடிக்க வேண்டும்.

பிராக்கை ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி, உப்பு வெண்ணெய் தடவிக் கொடுங்கள். கலவையில் இல்லாத கொழுப்பு இங்கேதான் வந்து சேர்கிறது, ஆகவே வெண்ணெயில் கை சுருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மீந்த துண்டுகளைத் தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் வாட்டினால், ஓரத்தில் திராட்சை லேசாகக் கேரமல் ஆகி மொறுமொறுக்கும். அதோடு ஒரு டம்ளர் கடும் டீ.