மக்ரிபில் ஒரு ரக்அத் மட்டும் கிடைத்தால்

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டு வந்தால், மக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நாம் பள்ளிவாசலுக்குள் நுழையும்போது, தொழுகை நடத்தும் இமாம் 3-வது, அதாவது கடைசி ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) இருப்பார். ஓடாதீர்கள், நிதானமாக வரச் சொல்லித்தான் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. நின்றபடி "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டி, இமாம் ருகூவிலிருந்து (குனிந்த நிலை) நிமிர்வதற்குள் சேர்ந்துவிட்டால் அந்த ரக்அத் உங்களுடையது.

பலரும் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். இமாம் இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபின் எழுந்து ஒரு ரக்அத் தொழுது, அத்தஹிய்யாத் ஓதும் இருப்பில் உட்காருங்கள். அது உங்களுக்கு 2-வது ரக்அத். பிறகு இன்னொன்று தொழுது, கடைசி இருப்பு, ஸலாம். இமாமோடு உட்கார்ந்ததையும் சேர்த்தால் 3 ரக்அத்துக்கு 3 இருப்பு வரும். கணக்கு தப்பிவிட்டதோ என்று பயப்படாதீர்கள், சரிதான்.

ஒருநாள் பக்கத்தில் தொழுத கல்லூரித் தம்பி இமாமோடு சேர்ந்து ஸலாம் கொடுத்துவிட்டு, "பாய், எனக்கு ரெண்டு ரக்அத் பாக்கி இருக்கே!" என்றான். இப்படி நினைவு வந்தால் வாய் திறக்காமல் உடனே எழுந்து மீதியை முடியுங்கள். பேணுதலுக்குக் கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்காக நெற்றியைத் தரையில் வைத்துச் செய்யும் ஸஜ்தா) செய்யுங்கள். பேசிவிட்டால் திரும்பத் தொழ வேண்டியதுதான்.

இமாமே மறதிக்கு ஸஜ்தா செய்தால் நீங்களும் கூடவே செய்யுங்கள். ஆனால் அவரோடு சேர்ந்து ஸலாம் கொடுத்துவிடாதீர்கள்.