ஓட்டுபவருக்கும் பிடிக்கணும், பின்சீட்டுக்கும் பிடிக்கணும்: கார் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் பிறந்த பிறகு கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் பலர் சொல்வது இது: “இனிமே ஓட்டுற சுகத்தையெல்லாம் பார்க்க முடியுமா? குடும்பத்துக்கு ஏத்த வண்டியா பார்த்துட்டுப் போவோம்.” இப்படி இரண்டாகப் பிரிப்பதுதான் முதல் தவறு. ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சுகத்துக்கும் பின்னால் உட்கார்பவரின் சௌகரியத்துக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வளைவில் வண்டி அதிகம் சாயவில்லை என்றால் ஓட்டுபவருக்குத் தைரியம் வரும், பின்சீட்டுக் குழந்தைக்குக் குமட்டலும் குறையும். மிதித்த அளவுக்கு பிரேக் பிடித்தால் ஓட்டுவதில் ஒரு நேர்த்தி இருக்கும், பாட்டியும் முன்பக்கம் சரியமாட்டார். ஆகவே ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்ற எண்ணத்தை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

குதிரைத்திறனை மட்டும் வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 121 பிஎஸ். ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் வரும் 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின்) 115 பிஎஸ். காகிதத்தில் சிட்டிக்குத்தான் வலு அதிகம். ஆனால் இழுவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசையைப் பாருங்கள்: சிட்டியில் 145 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,300 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான் முழுதாக வரும். அந்த டர்போவில் 178 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். ஐந்து பேர், பெட்டிகள், ஓடும் ஏசி என்று ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். டர்போவுக்கும் ஒரு குறை உண்டு. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து இன்ஜின் 1,500-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஒரு கணம் சோர்ந்து நிற்கும், பிறகு திடீரென்று பாயும். அந்தப் பாய்ச்சல் ஓட்டுபவருக்குப் பழகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அது ஒரு உலுக்கல். சிட்டி மாதிரி டர்போ இல்லாத இன்ஜின் அப்படி உலுக்காது, ஆனால் ஏற்றத்தில் கியரைக் குறைத்துக் குறைத்து விரட்ட வேண்டும். எது உங்கள் கைக்கு ஒத்துவரும் என்பது ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கியர்பாக்ஸிலும் இதே கதைதான். மேனுவல் கியரையே தானாக மாற்றும் விலை குறைந்த ஏஎம்டியில் கியர் மாறும்போது ஓட்டுபவர் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி சமாளித்துக்கொள்வார். பின்சீட்டில் தலைகள் ஆடிக்கொண்டே வரும். பட்ஜெட் இடம் கொடுத்தால், எண்ணெய் வழியாக விசையைக் கடத்தி மென்மையாக கியர் மாறும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் பக்கம் போங்கள், இல்லையென்றால் நல்ல மேனுவல் போதும்.

உயரமான வண்டி என்றாலே குடும்பத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. மோசமான சாலையும் மழைக்கால வெள்ளமும் இருக்கும் ஊரில் உயரத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கனம் மேலே ஏற ஏற வளைவில் சாய்வு கூடும். அதை அடக்க சஸ்பென்ஷனை இறுக்கினால் குழிகளில் தூக்கிப்போடும். இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பது தாழ்ந்த காரில் எளிது. வெர்டஸ் ஒரு செடான்தான், ஆனாலும் தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயரம். நம் ஊர் வேகத்தடைகளில் பெரும்பாலானவற்றை நிதானமாக ஏறி இறங்க அது போதும். வயதானவர்கள் ஏறி இறங்குவதற்கு சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், வண்டி உயரமாக இருந்தால் போதாது. புடவை கட்டிய பாட்டி முதலில் பக்கவாட்டில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பார். சீட் ரொம்ப மேலே இருந்தால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். ரொம்பக் கீழே இருந்தால் எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது. பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அடுத்து ஏழு சீட் ஆசை. வருஷத்தில் பொங்கலுக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் ஏழு பேராகப் போகிறோம் என்பதற்காக, மீதி நாளெல்லாம் நீளமான வண்டியைத் தனியாக ஓட்டுகிறவர்கள் நிறைய. ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் எர்டிகாவில் டிக்கி 209 லிட்டர்தான். மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர். அதாவது ஏழு பேரும் வரலாம், ஏழு பேரின் லக்கேஜ் வராது. அப்போது கூரையில் கேரியர் கட்டுகிறோம். கனம் மேலே ஏறியதும் வளைவில் வண்டியின் குணமே மாறிவிடும். தாத்தா பாட்டியும் வீட்டிலேயே இருந்து, மாதம் ஒருமுறையாவது எல்லோரும் சேர்ந்து போகிற குடும்பமென்றால் எர்டிகாவோ இன்னோவாவோ சரியான வண்டிதான், தயங்க வேண்டாம். மற்றவர்கள் அந்தச் சில நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கி என்றதும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே அது மாறும். பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர், பேட்டரி உட்கார்ந்திருக்கும் ஹைபிரிட் சிட்டியில் 306. சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது, ஸ்டெப்னி எங்கே போகிறது என்று திறந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸையும் குழந்தையின் தள்ளுவண்டியையும் ஷோரூமுக்கே எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நான்கு மீட்டர் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நீளம் 4,000 மில்லிமீட்டரையும், இன்ஜின் பெட்ரோலில் 1,200 சிசியையும் டீசலில் 1,500 சிசியையும் தாண்டாத கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். பெட்ரோல், டீசல் கார்களில் இந்த எல்லையைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். அதனால்தான் பல கார்கள் 3,990-களில் வந்து நிற்கின்றன. அந்த நீளத்துக்குள் இன்ஜின், கால் வைக்கும் இடம், டிக்கி மூன்றையும் அடக்க வேண்டும், ஏதோ ஒன்றில் கை வைத்திருப்பார்கள். எதில் என்று பின்சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடியுங்கள்.

டாப் வேரியன்ட்டின் பெரிய சக்கரத்திலும் கவனம் தேவை. 15 அங்குலச் சக்கரத்தின் 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மில்லிமீட்டர், 16 அங்குலத்தின் 195/55 ஆர்16-ல் சுமார் 107. குறைந்த அந்த ரப்பர்தான் குழியின் அடியை வாங்க வேண்டியது.

இதையெல்லாம் சரிபார்க்கும் இடம் டெஸ்ட் டிரைவ். அதைத்தான் நாம் மிக அலட்சியமாகச் செய்கிறோம். ஷோரூமைச் சுற்றியுள்ள வழவழப்பான சாலையில், விற்பனையாளர் பக்கத்தில் பேசிக்கொண்டே வர, தனியாளாக ஒரு சுற்று. அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வீட்டில் எல்லோரையும் ஏற்றுங்கள். நீங்கள் தினமும் போகும் சாலைக்குக் கொண்டுபோங்கள். முழு பாரத்தோடு ஒரு மேம்பாலத்தில் நின்று கிளம்புங்கள், வரிசையாக வேகத்தடை உள்ள தெருவில் போங்கள். பாதி வழியில் சாவியை மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா, ஏசி காற்று வருகிறதா, நடுவில் உட்கார்பவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலைதாங்கியும் உண்டா என்பது அங்கிருந்துதான் தெரியும். இருவரும் ஓட்டுகிற வீட்டில் ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குவது நியாயமே இல்லை.

முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை. இந்தப் பழக்கத்தை எந்தக் காராலும் பாதுகாப்பானதாக ஆக்க முடியாது. ஏர்பேக் விரியும் வேகத்தின் முன்னால் இருப்பது குழந்தைதான். 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் பின்சீட்டின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும். இரண்டு இருக்கைகள் மாட்டிய பிறகு நடுவில் ஒருவர் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் பரிசோதனையில் குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு, 49-க்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாக, ஓட்ட அருமையாக இருக்கிறது என்பதற்காக உங்கள் ஊரில் சர்வீஸ் இல்லாத பிராண்டை வாங்காதீர்கள். ஒரு பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் பக்கத்து மாவட்டத்தில் நின்றால் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோதான். முன்பணம் கட்டும் முன் அதே காரை ஓரிரு வருஷம் ஓட்டிய உள்ளூர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடைசி சர்வீஸ் பில்லையும் வண்டி எத்தனை நாளில் கைக்கு வந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.