ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில் பழைய ஜப்பானிய டெலி லென்ஸ்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸ் காண்பதையே கண்ணும் காணும். ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணுக்கென்று தனி ஜன்னல். பக்கத்திலுள்ள இன்னொரு சிறு ஜன்னலின் பிம்பமும் அதில் விழும், இரண்டு பிம்பமும் ஒன்றானால் ஃபோகஸ். லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்திருந்தாலும், ஃபோகஸ் ஒரு சாண் தள்ளி விழுந்தாலும், மூடியைக் கழற்றவே மறந்திருந்தாலும் அந்த ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். பிலிம் கழுவி வந்த பிறகே பிழை வெளியே வரும். 50 மி.மீ. லென்ஸ் பல பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். தூரத்தைக் கிட்டக் காட்டும் 85, 105, 135 டெலி லென்ஸ்கள் பொறுக்காது. கையில் எடுத்துச் சோதிக்காமல் இந்த லென்ஸ்களில் காசைப் போடுவதுதான் முதல் தவறு.

திருகு ஏறினால் பொருந்திவிட்டது என்று நினைப்பது

லைக்கா திருகு 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ. சோவியத் செனித் எஸ்.எல்.ஆர். லென்ஸும் 39 மி.மீ. திருகுதான், ஆனால் அது 45.2 மி.மீ. தூரத்துக்குச் செய்தது. ரேஞ்ச்ஃபைண்டரில் ஏறும், எந்த மலையும் தெளியாது. கெனானின் ஆரம்பகால ஜே வகைத் திருகு இன்னும் ஏமாற்றும். அதில் அங்குலத்துக்கு 24 புரி. ஓரிரு சுற்று இலகுவாகப் போய் அப்புறம் இறுகும். இறுகினால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். பலவந்தம் செய்தால் கமராவின் புரியும் சேர்ந்து போய்விடும்.

நிக்கொன் எஸ் மவுண்டும் (லென்ஸைக் கமராவில் பூட்டும் வாய்) கொன்டாக்ஸ் மவுண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும். இரண்டிலும் ஃபோகஸ் சுற்று சற்று வேறுபடுவதால் அகலக்கோண லென்ஸில் பாதகமில்லை, 85இலிருந்து மேலே கிட்டத்தில் ஃபோகஸ் தவறும். கொன்டாக்ஸுக்கென்று நிக்கொன் செய்த டெலி லென்ஸ்களில் 'சி' என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸின் முன்வளையத்தில் நிக்கோர் என்ற நிக்கொன் லென்ஸ் பெயருக்குப் பின்னால் வரும் 'சி' வேறு. அது பூச்சு பூசிய கண்ணாடி என்பதற்கான குறி. அதற்கு முன்னால் வரும் எழுத்து கண்ணாடிகளின் எண்ணிக்கை: டி என்றால் 3, கியூ 4, பி 5, எச் 6, எஸ் 7.

கண்ணாடியை முன்பக்கம் மட்டும் பார்ப்பது

கடை வெளிச்சத்தில் முன்னால் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தம்தான். துவாரத்தை (இதழ்களுக்கு நடுவே வெளிச்சம் புகும் வாய்) முழுதாகத் திறந்து, கைத்தொலைபேசி டோர்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சணம். மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரே சீராக மங்கியிருந்தால் எண்ணெய்ப் படலம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன, அதை விட்டுவிடுங்கள்.

துவார இதழ்களில் எண்ணெய் இருந்தால் எஸ்.எல்.ஆர். லென்ஸில் இதழ் ஒட்டும் என்று பயப்படுவார்கள். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் கையால்தான் துவாரத்தைச் சுற்றுகிறோம், அந்தப் பயம் தேவையில்லை. இங்கே கெடுதி வேறு: அந்த எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கண்ணாடியில் படிகிறது. 1950களின் கெனான் லென்ஸ்கள் சிலவற்றில் இந்தப் படலம் பல வருடம் கிடந்து கண்ணாடியையே அரித்திருக்கும். அப்படி அரித்ததைத் துடைத்து எடுக்க முடியாது. வெள்ளை வானமும் கறுத்த தேயிலைச் செடியும் ஒரே சட்டத்தில் வருகிற நம் பக்கத்தில் அந்த மங்கல் படம் முழுக்கப் பரவும்.

கமராவின் அளவை மறப்பது

ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் இரு ஜன்னல்களுக்கு இடையிலான தூரத்தை வியூஃபைண்டரின் (கண் வைக்கும் ஜன்னலின்) உருப்பெருக்கத்தால் பெருக்கி வருவது. கெனான் பீயில் 41 மி.மீ., கெனான் 7இல் 47 அளவில், லைக்கா எம்3இல் 62 அளவில், பெஸ்ஸா ஆரில் வெறும் 25. இரண்டு மீற்றரில் 85 எஃப் 2 முழுத்துவாரத்தில் தெளிவாகத் தருவது ஏறத்தாழ 6.5 செ.மீ. ஆழம்தான். கொழுந்து எடுக்கும் அம்மாவின் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போவதற்குள் முடிந்துவிடும். பெஸ்ஸா ஆரில் அதைத் துவாரம் சுருக்கி எஃப் 4, 5.6இல் எடுப்பதே புத்தி. (டெலி லென்ஸ் என்பதால் சொல்லாமல் எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கூடை நிறைந்த நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.)

படத்தின் எல்லையை ஜன்னலில் காட்டும் சட்டக் கோடுகளும் கமராவுக்குக் கமரா மாறும். கெனான் பீயில் 35, 50, 100 மட்டும். 135க்குத் தனி வியூஃபைண்டர் மேலே செருக வேண்டும். அதிலுள்ள தூர வளையத்தை ஒவ்வொரு முறையும் திருப்பாவிட்டால் கிட்ட நிற்பவரின் தலை வெட்டுப்படும். லென்ஸின் தூர அளவையும் கவனியுங்கள். ஏற்றுமதிக்குச் செய்தவை பலவற்றில் அடிக்கணக்கு மட்டுமே உண்டு. அங்கே 10 என்பது மூன்று மீற்றர்தான்.

ஒரு பிலிம் சுருளைச் சோதனைக்கு ஒதுக்காமல் விடுவது

முதலில் தொலைதூரம். நுவரெலியாவில் தெளிந்த காலையில் பீதுறுதாலகால உச்சிக் கோபுரத்தைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது ஜன்னலில் தெரியும் இரண்டு கோபுரப் பிம்பமும் ஒன்றாக வேண்டும். பிறகு கிட்டம். ஒரு தினசரித் தாளைப் பலகையில் ஒட்டி 45 பாகை சாய்த்து, நடுவரியில் பேனாவால் கோடு போட்டு, கமராவைத் தாங்கியில் வைத்து, லென்ஸின் மிகக் கிட்டத் தூரத்திலும் மூன்று மீற்றரிலும் முழுத்துவாரத்தில் மூன்று மூன்று படம் எடுங்கள். அதையே 50 மி.மீ. லென்ஸிலும் எடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் தவறினால் கமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் பிசகு. 50 சரி, டெலி மட்டும் தவறு என்றால் லென்ஸ் பிசகு. டெலி தூரத்தில் சரியாக இருந்து கிட்டத்தில் மட்டும் தவறினால் வேறொரு லென்ஸின் தலையை (கண்ணாடிகள் உள்ள பாகம்) இந்த லென்ஸின் பீப்பாயில் யாரோ மாட்டியிருக்கலாம்.

பின்கதவு திறக்கும் கமராவானால் பிலிம் வீணாகாமலும் பார்க்கலாம். பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கல் ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து வைத்து, உருப்பெருக்கியால் பிம்பத்தைப் பாருங்கள். ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது.

சூரியனை நோக்கி விட்டுவைப்பது

எஸ்.எல்.ஆரில் ஷட்டருக்கு முன்னால் நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லை. லென்ஸ் குவிக்கும் வெயில் நேராக ஷட்டர் திரையில் விழும். துணித்திரை என்றால் ஊசித்துளை விழ அதிக நேரம் தேவையில்லை. அந்தத் துளை அதன் பிறகு எடுக்கும் படங்களில் வெள்ளைப் புள்ளியாக வரும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலையில் உதயம் பார்க்கக் காத்திருப்பவர்கள் கமராவைக் கழுத்தில் திறந்தபடி போட்டுக்கொள்வது சர்வசாதாரணம். படம் எடுக்கும் கணம்வரை மூடி இருக்கட்டும். கழற்றியிருந்தால் துவாரம் 16இல் இருக்கட்டும். கெனான் பீயின் உலோகத் திரை எரியாது. விரல் பட்டால் சுருங்கும்.

ஈரத்தில் வைப்பது

நுவரெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் உடுத்த துணியே காயாது. காற்றின் ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். லென்ஸோடு வந்த தோலுறை அழகாகத்தான் இருக்கும். அதற்குள் லென்ஸை வைப்பது பூஞ்சணத்துக்குச் சோறு போடுவது. உறையைத் தனியே வையுங்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சிறு ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் தட்டில் பரப்பி 120 பாகையில் இரண்டு மணிநேரம் போறணையில் வைத்தால் மறுபடி நீலமாகும்.

ஹோர்ட்டன் சமவெளிக் குளிரிலிருந்து சூடான அறைக்கு லென்ஸை அப்படியே கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிக் கட்டி, அறைக்குள் ஒரு மணிநேரம் விட்டுத் திறவுங்கள்.

மூடுபனிக்கு மஞ்சள் வடிகட்டி போடுவதும் ஒரு வீண்வேலை. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் அது வெட்டாது. அப்புத்தளையிலிருந்து தெற்கே சமவெளியைப் பார்க்கும்போது விழும் நீலப் புகைக்குத்தான் மஞ்சள் உதவும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒரு நிறுத்த அளவு, அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுங்கள். நிக்கோர் 8.5 செ.மீ. எஃப் 2இன் வடிகட்டித் திருகு 48 மி.மீ. எங்கும் கிடைக்கும் 49ஐ முறுக்கி ஏற்றாதீர்கள். எந்த நாளும் லென்ஸின் முன்னால் நிழல்குழல் போட்டே எடுங்கள். ஒற்றைப் பூச்சு லென்ஸுக்கு வெள்ளை வானம் பெரும் பகை.

அரியது எல்லாம் நல்லது என்று நம்புவது

1960ஐ ஒட்டி மலையேறுவோருக்காக நிக்கொன் செய்த 10.5 செ.மீ. எஃப் 4, மூன்றே கண்ணாடி, கனம் குறைவு. எஸ் மவுண்டில் மிக அரிது, விலையும் அப்படி. மலையில் தூக்கித் திரிய அது அருமைதான், ஆனால் எஃப் 2.5 நிக்கோர் 10.5 அதைவிட எளிதாகக் கிடைக்கும், வெளிச்சமும் கூட. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொறிப்பு போருக்குப் பிந்திய காலத்தைச் சொல்லும், தெளிவைச் சொல்லாது. கொரியப் போரில் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் பயன்படுத்திய வகை என்று விலை ஏற்றுபவரிடம் பின்கண்ணாடியைக் காட்டச் சொல்லுங்கள்.

தானே கழற்றுவது

பூஞ்சணம் துடைக்க லென்ஸைத் திறப்பவர் பலர் ஃபோகஸ் புரியைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் புரிக்குப் பல தொடக்கங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் ஏற்றினாலும் சுற்றும், தூரம் மட்டும் ஒருபோதும் சரிவராது. டெலி லென்ஸ்கள் பலவற்றில் கண்ணாடித் தலை முழுதாகத் திருகிக் கழலும், புரியைத் தொடவே வேண்டியதில்லை. தலையைக் கழற்றும்போது அடியில் மெல்லிய பித்தளை வளையம் இருந்தால் அது எத்தனை, எந்த வரிசை என்று எழுதி, அதே இடத்தில் வையுங்கள். புரியைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால் மெதுவாகச் சுற்றி, இரண்டு பாகமும் விடுபடும் அந்தக் கணத்தில் இரண்டிலும் ஊசியால் நேர்க்கோடு கீறி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு அதன் பிறகு கீழே வையுங்கள்.