ஜான் வெஸ்லி நினைவு ஜக்கை ஆராய்ந்து வாங்கும் முறை

மெதடிஸ்த கிறிஸ்தவ இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் உருவமோ வாசகமோ பதித்த பீங்கான் ஜக்குகளை, ஸ்டாஃபோர்ட்ஷயர், சண்டர்லாந்து போன்ற இங்கிலாந்துப் பகுதிகளின் குயவர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவந்தனர். அவற்றில் ஒன்றை வாங்க விரும்புகிறவர், ஜக்கின் மேல் காணும் ஆண்டு வெஸ்லியின் வாழ்வைக் குறிக்கும் ஆண்டே தவிர ஜக்கு செய்யப்பட்ட ஆண்டு அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். அவர் 1791 மார்ச் 2 அன்று காலமானார். ஆனால் 1839இல் இயக்கத்தின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோதும் அதற்குப் பின்னரும் நினைவுக் கலங்கள் வெளிவந்தன.

எனவே ஜக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது; அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதே இதற்குக் காரணம். முத்திரையே இல்லாததைக் குறையாகக் கருத வேண்டாம்; பழைய கலங்கள் பலவற்றில் முத்திரை கிடையாது.

அடுத்து, படத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியால் நிதானமாக ஆராயுங்கள். என் கருத்தில் இதுவே மிக முக்கியமான சோதனை. அக்காலத்தில் செப்புத் தகட்டில் கையால் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளை ஜக்கின் வளைவில் ஒட்டித் தேய்த்ததால், கோடுகளில் ஏற்றத்தாழ்வும், ஆங்காங்கே தாள் மடிந்த தடமும் இருக்கும். இவற்றைப் பழுது என்று ஒதுக்குவோர் நல்ல கலத்தை இழக்கிறார்கள். ஒரே சீரான வரிசையில் புள்ளிகள் அமைந்திருந்தால் அது பிற்கால அச்சு.

பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைக் கைப்பிடியிலும் மூக்கிலும் காட்டினால், உடைந்ததை ஒட்டி வண்ணம் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். மறைத்துப் பூசிய ஜக்கைவிட, விரிசல் வெளிப்படையாகத் தெரிய, படம் தெளிவாக உள்ள ஜக்கையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்கியபின் கைப்பிடியைப் பற்றித் தூக்காமல், உடற்பகுதியை இரு கைகளாலும் தாங்குங்கள். மெருகில் நுண்விரிசல் விழுந்த மட்கலம் நீரை உறிஞ்சிக் கறைபடும் என்பதால், அதை நீரில் ஊறவைக்கவோ ப்ளீச் இடவோ கூடாது; சண்டர்லாந்து ஜக்குகளின் இளஞ்சிவப்புப் பளபளப்பு மிக மெல்லிய உலோகப் படலமாதலால், சற்றே ஈரமான மென்துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.